கோடிப்புறத்து அடுப்பு



யாழ்ப்பாணத்து வளவுகளிலே வீட்டின் பின்பக்கத்தைக் கோடி என்போம். குசினிக்குள் அடங்காத சமையலெல்லாம் அங்கேதான் நிகழும். ஒடியற் கூழ் காய்ச்சுதல், நெல் அவித்தல், பனம்பழம் சுடுதல், கருவாட்டைத் தணலில் வாட்டுதல் ஆகிய இவற்றுக்கென்றே பழைய வீடுகளில் ஓர் அடுப்பு இருக்கும். எங்கள் வீட்டில் இருந்த அத்தகைய அடுப்பு சென்ற மாரி மழையிலே கரைந்து சரிந்துவிட்டது. அதனிடத்தில் எதை வைப்பது என்னும் கேள்வி எங்கள் குடும்பத்தின் ஒரு மாதத்தை விழுங்கியது.

முதலில் மூன்று கல்லை வைத்து எரித்துப் பார்த்தோம். எங்கள் மண்ணிலே கல்லுக்குப் பஞ்சமில்லை. எங்கே தோண்டினாலும் சுண்ணக்கல் தட்டுப்படும். ஆனால் அந்தக் கல் அடுப்புக்கு ஆகாது. உள்ளே ஈரம் தங்கிய கல் கடுஞ்சூட்டில் திடீரென வெடித்துச் சிதறும். அப்படித் தெறித்த சில்லொன்று என் தமக்கையாரின் முழங்கையைக் கீறிய பின்னரே இதனை நான் கருத்தூன்றி எண்ணினேன். அன்றியும், திறந்த மூன்று கல் அடுப்பில் எரியும் விறகின் சூட்டில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்குதான் பானையைச் சேர்கிறது. எஞ்சியது காற்றோடு போகிறது. குடாநாட்டிலே காடு இல்லை. விறகு காலைக்கு வரும் விறகில் பெரும்பங்கு வன்னியிலிருந்து வருவது. அதனை இவ்வாறு காற்றுக்குக் கொடுப்பது தகுமா?

கனடாவிலிருக்கும் என் தம்பி, மூடியுள்ள எரிவாயு அடுப்பொன்றை வாங்கும்படி தொலைபேசியில் வற்புறுத்தினார். இறைச்சியும் மீனும் சுடுவதற்கு அது வசதியானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் பல இடங்களிலே எரிவாயுவால் நேர்ந்த வெடிப்புகளையும், அடுத்த ஆண்டிலே வெற்று உருளையோடு நாம் நின்ற வரிசைகளையும் அவர் கண்டவரல்லர். கடற்காற்று வீசும் இந்த ஊரிலே மெல்லிய இரும்புத் தகடு எத்தனை நாள் நிற்கும் என்பதும் ஒரு கேள்வி. எங்கள் அன்னையார் இவற்றையெல்லாம் கேட்கவில்லை. "அதிலை கூழ்ப்பானை வைக்கலாமோ, மோனை?" என்று மட்டும் கேட்டார். தம்பி விடை சொல்லவில்லை.

எண்ணெய்ப் பீப்பாயை நெடுக்காக அறுத்து அடுப்பாக்குவோரும் உளர். மலிவானது, வேலையும் எளிது. முன்னர் அதனுள் என்ன இருந்தது என்று அறியாமல் அவ்வாறு செய்தல் தீது. பூச்சு மருந்தோ மைப்பூச்சோ இருந்த பீப்பாய் எரியும்போது நஞ்சுப் புகையைக் கக்கும். நாகம் பூசிய தகட்டையும் வலையையும் நெருப்பின் மேல் வைக்கலாகாது. நாகம் ஏறத்தாழ 420 பாகை செல்சியசில் உருகிவிடும். மேலும் சூடேறினால் எழும் ஆவி காய்ச்சலை உண்டாக்கும். மீன் சுடும் வலை வாங்குவோர் அதன் வெள்ளிப் பளபளப்பைக் கண்டு மயங்காதிருப்பாராக.

'அநகி' என்ற பெயரில் விற்கும் மண்ணடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிங்களத்தில் அச்சொல்லுக்கு அரியது என்பது பொருள். ஒரே வார்ப்பில் இரண்டு பானைக்கு இடமுள்ளது; முதற் பானையைச் சுட்ட அனலே இரண்டாவதற்கும் செல்வதால் விறகு மிச்சப்படுகிறது. குசினிக்கு அதனை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். இருபது பேருக்குக் கூழ் காய்ச்சும் பானைக்கோ அதன் வாய் போதாது.

கடைசியில் அடுப்பை நாமே கட்டுவதென முடிவாயிற்று. அன்னையார் அதற்கும் உடனே இணங்கவில்லை. 1990ஆம் ஆண்டின் பின்னர் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அரிதான காலத்திலே, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட அந்த நாட்களிலே, அவர் எங்களுக்குச் சோறிட்டது இடிந்த அந்த அடுப்பில்தான். காவோலையும் பன்னாடையும் கங்குமட்டையும் அதில் எரிந்தன. அந்தப் புகை இன்றும் அவருடைய நெஞ்சில் இருமலாக இருக்கின்றது. வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இதைச் சொன்னபோது, "புகையாலை சாகாமல்தானே உங்களை வளத்தனான்" என்றார். அதற்கு என்ன மறுமொழி கூறுவது!

சுட்ட செங்கல்லை லாட வடிவில் அடுக்கி, சீமெந்து கலவாத களிமண்ணால் பூசினோம். சீமெந்து சூட்டில் வெடித்து உதிர்ந்துவிடும். நிலத்திலிருந்து நான்கு அங்குல உயரத்தில் பூச்சில்லாத இரும்புக் கம்பிகளைச் செருகினோம். விறகு அவற்றின் மேல் கிடக்க, கீழிருந்து காற்று புகுகிறது. புகை குறைவதன் இரகசியம் பெரும்பாலும் இதுவே. சுடுவதற்கு, மேலே வைத்து எடுக்கத்தக்க இன்னொரு கம்பித்தட்டு உண்டு. அதற்கு விறகு வேண்டாம். சிரட்டைக்கரியோ ஊமல்கரியோ போதும். கரி மேலெல்லாம் வெண்சாம்பல் பூத்த பின்னரே மீனை வைக்க வேண்டும்.

நின்றபடி சமைக்கும் உயரத்தில் கட்டுவோம் என்று நான் வாதாடினேன். கொதிக்கும் கூழ்ப்பானையை அவ்வுயரத்திலிருந்து இறக்கப் போவது யார் என்று தமக்கையார் கேட்டார். அவர் கேட்டது சரி. முழங்கால் உயரத்தோடு நிறுத்தினோம்.

அடுப்பின் வாயை எந்தத் திசையில் வைப்பதென்பதை அன்னையாரே தீர்மானித்தார். சோளகம் வீசும் மாதங்களிலே தென்மேற்குப் பார்த்த வாய்க்குள் காற்றுப் புகுந்து தணலை வாரி இறைக்குமாம். கிடுகு வேலியோ பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது. வாயை வடக்கே திருப்பி, தென்மேற்கிலே இரண்டு வரி செங்கல் கூடுதலாக உயர்த்தினோம்.

களிமண் இரண்டு கிழமை நிழலில் உலர்ந்தது. பின்னர் பன்னாடை இரண்டைப் போட்டுச் சிறுதீ மூட்டினோம். ஓரிடத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்புக் கண்டது. அன்னையார் ஈரக் களியை விரலால் தொட்டு அதனை அடைத்தார். பலகையை இழுத்துப் போட்டு அங்கேயே அமர்ந்தார். அன்று அவர் இருமவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். முன்னைவிடக் குறைவாகவே இருமினார்.