இடுப்பளவு தரும் எச்சரிக்கை

(பொன்விழாவையொட்டி நடந்த உடல்நல நாளில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாவுக்காக ஆலயத்தின் விரிசல்களைத் தேடிப் பழுது பார்த்தோம். உடலாகிய ஆலயத்தையும் சற்றே பார்க்க வேண்டாமா?

சர்க்கரை வியாதி பருத்தவர்களுக்கே வரும் என்று நம்மவர் எண்ணுகின்றனர். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பஸ்ஸை விட்டு இறங்குவோரைப் பாருங்கள். கைகால் மெலிந்து, வயிறு மட்டும் முன்வந்தவர் எத்தனை பேர்! எடை குறைவாயிருந்தாலும் நம் நாட்டினருக்குக் கொழுப்பு வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் எளிதில் சேர்கிறது. அது இன்சுலின் சரிவர வேலை செய்வதைத் தடுக்கிறது. சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. ஆகவே தராசு காட்டாத ஆபத்தை நாடா காட்டிவிடும்.

2005-ஆம் ஆண்டில் சென்னை டாக்டர் வி. மோகன் அவர்களும் உடன் உழைத்தோரும் ஓர் எளிய மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். நான்கே கேள்விகள். வயது 35 முதல் 49 வரையானால் 20. 50 ஆகிவிட்டால் 30. இடுப்பளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எட்டினால் 10, மேலும் 10 செ.மீ. கூடினால் 20. உடற்பயிற்சி, கடின உழைப்பு இரண்டும் உண்டானால் சுழி. ஒன்று மட்டுமானால் 20. இரண்டும் இல்லையேல் 30. பெற்றோரில் ஒருவருக்கு நோயிருந்தால் 10, இருவருக்குமானால் 20. கூட்டுத்தொகை 60-ஐ எட்டினால் ஆபத்து அதிகம்; இரத்தப் பரிசோதனை அவசியம்.

நாமும் கூட்டிப் பார்த்தோம். வயது 53. அங்கி மறைத்திருந்த இடுப்பு 96 செ.மீ. நம் தாயார் இந்நோயால் கால்விரலை இழந்தவர். மாலை நடை ஒன்றே பயிற்சி. ஆக மொத்தம் 70! ஒல்லியான சாமியார் என்று ஊரார் சொன்னதை நம்பியிருந்தோம். பரிசோதித்தபோது சர்க்கரை இருந்தது. கண்ணும் சிறுநீரகமும் கெடுமுன் தெரிந்ததே, அது பேறு.

அளக்கும் இடம் வேட்டி கட்டும் இடமல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை விட்ட நிலையில், நாடாவை இறுக்காமல் அளக்க வேண்டும். மதிப்பெண் மிகுந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லுங்கள்.

நான்கில் வயதையும் பெற்றோரையும் மாற்ற இயலாது. இடுப்பும் உழைப்பும் நம் கையில் உள்ளன. பூசை முடிந்ததும் மண்டபத்தில் நாடா காத்திருக்கும். அளவைச் சொல்ல எவரும் கூச வேண்டாம். நம் அளவை முதலில் சொல்லிவிட்டோம்.