பெருங்குடலுக்கு ரத்தம் குறையும்போது



அறுபதைத் தாண்டிய ஒருவருக்குத் திடீரென்று இடது அடிவயிறு முறுக்கிப் பிடிக்கிறது. உடனே மலம் கழிக்க வேண்டும்போல் இருக்கிறது. ஒரு நாளுக்குள் மலத்தோடு ரத்தம் கலந்து போகிறது. "மூலமாக இருக்கும், உடம்புச் சூடு" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள்.

மூலத்தில் ரத்தம் பெரும்பாலும் வலியில்லாமல் சொட்டும். வயிற்று வலி முந்தி, ரத்தப்போக்கு பிந்தி வந்தால், பெருங்குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்துவிட்டதோ என்று மருத்துவர்கள் சந்தேகிக்கிறார்கள்.

சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலுக்கு முக்கியமாக இரண்டு தமனிகள் ரத்தம் கொண்டுவருகின்றன. மேல் தமனி வலப்பக்கத்துக்கும் குறுக்குக் குடலின் பெரும்பகுதிக்கும். கீழ்த் தமனி இடப்பக்கத்துக்கு. இரண்டின் கடைசிக் கிளைகளும் மண்ணீரலை ஒட்டிக் குடல் கீழ்நோக்கித் திரும்பும் வளைவில் சந்திக்கின்றன. வரத்து குறைந்தால், கடைமடை வயலைப்போல அந்த இடம்தான் முதலில் வாடும்.

வரத்து ஏன் குறைகிறது? பல நேரங்களில் பெரிய ரத்தக்குழாயில் அடைப்பே இருப்பதில்லை. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது, வாந்தி பேதியில் நீர்ச்சத்து வற்றுவது, இதயம் பலவீனமாவது, பெருந்தமனி அறுவை சிகிச்சை எனக் காரணங்கள் பல. மாரத்தான் ஓடும் இளைஞர்களுக்கும் இது வந்திருக்கிறது. ஓடும்போது ரத்தம் குடலை விட்டுத் தசைகளுக்குத் திரும்பிவிடுகிறது. சில மருந்துகளும் காரணமாகலாம். குடல் எரிச்சல் நோய்க்கு அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த அலோசெட்ரான், இந்தப் பாதிப்பு தெரியவந்ததால் அதே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது. 2002-இல் கடும் கட்டுப்பாடுகளோடுதான் மீண்டும் அனுமதி கிடைத்தது.

ஆறுதலான செய்தியும் உண்டு. இந்தப் பாதிப்பு தானாகவே ஆறக்கூடியது என்பதை 1963-இல் அமெரிக்க மருத்துவர் ஸ்காட் போலியின் குழு எடுத்துக்காட்டியது.

சி.டி. ஸ்கேனும் கொலனோஸ்கோப்பியும் நோயை உறுதிசெய்கின்றன. கேமராவில் குடலின் உட்சுவர் வீங்கி, ரத்தக் கசிவும் புண்ணுமாகத் தெரியும். சற்றுத் தள்ளி ஆரோக்கியமான சுவர் தொடங்கிவிடும். உணவை நிறுத்திக் குடலுக்கு ஓய்வு, ரத்தக்குழாய் வழியே சலைன், தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக்: பெரும்பாலோர் இவற்றிலேயே தேறிவிடுகிறார்கள். குடல் சுவர் அழுகிவிட்டால் மட்டும் அறுவை சிகிச்சை தவிர்க்க முடியாதது. வலப்பக்கக் குடல் பாதிக்கப்பட்டால் ஆபத்து கூடுதல்.

ஆகவே நேயர்களே, வயிற்று வலியோடு மலத்தில் ரத்தம் கண்டால் கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சாப்பிட்டுவரும் மாத்திரைகள் அனைத்தையும் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.