மாதவிடாய் நாள்களிலும் மிதிவண்டி ஓடட்டும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாதவிடாய் நாள்களில் நம் மாணவியர் மிதிவண்டியில் பள்ளிக்கு வருவது பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பைக் கேட்டதும் ஆண் ஆசிரியர்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். இது உங்களுக்கும் சேர்த்துத்தான். பல நடுநிலைப் பள்ளிகளில் ஒரு பெண் ஆசிரியர்கூட இல்லாத நாள் உண்டு. அன்றைக்கு ஒரு பிள்ளைக்குத் தேவை ஏற்பட்டால் நீங்கள்தான் அங்கே இருப்பீர்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் வேலை பார்க்கும் நமக்கு மிதிவண்டியின் அருமை தெரியும். 1991-இல் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று ஊக்கப்படுத்த, ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்களும் அதில் இருந்தார்கள். அடுத்து 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி தரும் திட்டம் வந்தது. பின்னர் அது பிற பிரிவினருக்கும் மாணவர்களுக்கும் விரிந்தது. ஒரே ஒரு பேருந்து வந்து போகும் ஊர்ப் பிள்ளை மேல்நிலைப் படிப்பைத் தொடர்கிறாள் என்றால், அதற்கு அந்த மிதிவண்டியும் ஒரு காரணம்.

மாதத்தில் மூன்று நாள் அந்த வண்டி வீட்டுத் திண்ணையிலேயே நின்றுவிட்டால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து மாதத்துக்கு 30 நாள். பள்ளி வேலை நாள் 210 என்று வைத்துக்கொண்டால் ஏழில் ஒரு பங்கு போய்விடுகிறது. கணக்குப் பதிவியலில் ஒரு பாடம் விட்டால் அடுத்தது புரியாது. புரியாதபோது தேர்வு பயம் வரும். அதற்குப் பின் அந்தப் பிள்ளையின் படிப்பு எங்கே போய் நிற்கும் என்பதை நாம் பல முறை பார்த்திருக்கிறோம்.

என் வகுப்பில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி. வீடு ஏழு கிலோமீட்டர். நன்றாக சைக்கிள் ஓட்டுவாள். ஆனால் மாதாமாதம் மூன்று நாள் வரமாட்டாள். கேட்டால் காய்ச்சல் என்பாள். ஒருநாள் தனியாக உட்கார வைத்துக் கேட்டபோது, "அப்பத்தா சைக்கிள்ல ஏறக் கூடாதுன்னு சொல்லுது டீச்சர்" என்றாள். வீட்டுக்குப் போனேன். அந்த அப்பத்தாவே அறிவொளி காலத்தில் சைக்கிள் கற்றவர்!

"அந்த மூணு நாளும் சைக்கிளை ஓரமா நிறுத்திட்டா வேலைக்குப் போனீங்க அப்பத்தா?" என்று கேட்டேன்.

"எங்கிட்டு ஆத்தா நிறுத்துறது? கல்லு உடைக்கப் போகணும்ல? சேலைத் துணிய மடிச்சு வச்சுக்கிட்டுப் போவோம்."

"அப்புறம் இவளை மட்டும் ஏன் நிறுத்துறீங்க?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வெள்ளைச் சீருடையில கறை பட்டுச்சுன்னா ரோட்டுல நாலு பய சிரிப்பானே டீச்சர்" என்றார்.

அவர் தீட்டைப் பற்றிப் பேசவில்லை. கர்ப்பப்பையைப் பற்றியும் பேசவில்லை. கறையும் கேலியும்தான் அவர் பயம். நியாயமான பயம். அதற்கு நாம் சொல்ல வேண்டியது அறிவுரை இல்லை, வழி.

முதலில் உடல் பற்றிய சந்தேகங்களைச் சுருக்கமாகத் தீர்த்துவிடுகிறேன். சைக்கிள் ஓட்டினால் கர்ப்பப்பை இறங்காது, குழந்தைப் பேறு கெடாது. உதிரப்போக்கை அது ஆபத்தான அளவுக்குக் கூட்டிவிடாது. கன்னித்திரை என்பது ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒவ்வொரு விதமாக அமையும் மெல்லிய திசு. அதை வைத்து யாருடைய ஒழுக்கத்தையும் அளக்க முடியாது. மாதவிடாய் வலி வருவது கர்ப்பப்பைத் தசை சுருங்கி விரிவதால். புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் அந்தச் சுருக்கத்தைத் தூண்டுகிறது. மிதமாக உடலை அசைப்பது பலருக்கு அந்த வலியைக் குறைக்கிறது. எல்லாருக்கும் அல்ல. வலியில் துடிக்கும் பிள்ளையை "ஓட்டினால் சரியாகிவிடும்" என்று கட்டாயப்படுத்தக் கூடாது. ஓட்டுவதா வேண்டாமா என்பது அவள் முடிவாக இருக்கட்டும்.

இனி வழிகள்.

ஒன்று, சீட். வண்டி வாங்கிய நாளில் இருந்த உயரத்திலேயே பல பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம். சீட்டின் முன்மூக்கு மேல்நோக்கித் தூக்கியிருந்தால் உடலின் மென்மையான பகுதியில் அழுத்தம் விழும். மாதவிடாய் நாளில் அந்த இடம் கூடுதலாக நோகும். சீட்டைச் சமமாக வைக்க ஒரு ஸ்பேனரும் இரண்டு நிமிடமும் போதும். உடற்கல்வி ஆசிரியர்கள் ஒரு பாடவேளையில் வகுப்பு முழுவதற்கும் இதைச் செய்து முடித்துவிடலாம்.

இரண்டு, நாப்கின். வீட்டிலிருந்து கிளம்பும் முன் புதிதாக மாற்றிக்கொள்ள வேண்டும். குனிந்து ஓட்டும்போது உதிரம் முன்பக்கம் வரும் என்பதால், நாப்கினை வழக்கத்தைவிடச் சற்று முன்னால் தள்ளி வைக்கலாம். தொளதொள உள்ளாடையில் அது நகர்ந்துவிடும்; இறுக்கமில்லாமல் பொருந்தி நிற்கும் பருத்தி உள்ளாடை நல்லது. அதன் மேல் அடர்நிறத்தில் ஒரு அரைக்கால் டைட்ஸ் போட்டுக்கொண்டால் நாப்கின் இடம் மாறாது, தொடை உராயாது, கறையும் வெளியே தெரியாது. தொடை சிவந்து எரிந்தால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவலாம். துணி பயன்படுத்துகிறவர்கள் சோப்புப் போட்டு நன்றாக அலசி, வெயிலில் காய வைக்க வேண்டும். கட்டிலுக்கு அடியிலும் வேறு துணிக்குக் கீழும் மறைத்துக் காய வைப்பதால்தான் நோய் வருகிறது.

மூன்று, நேரம். ஒரு நாப்கினை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். ஏழு கிலோமீட்டரிலிருந்து வரும் பிள்ளை எட்டு மணிக்குக் கிளம்பினால், சிறப்பு வகுப்பு முடித்து வீடு சேர ஆறு மணி. அதாவது பத்து மணி நேரம். ஆக, பள்ளியில் ஒருமுறையாவது மாற்றியே ஆக வேண்டும். வீடு திரும்பும் முன் இன்னொரு முறை மாற்றினால் இன்னும் நல்லது. தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, தண்ணீர், மூடிபோட்ட குப்பைக்கூடை ஆகிய மூன்றும் இல்லாத பள்ளியில் "சுத்தமாக இரு" என்று பாடம் நடத்திப் பயன் இல்லை. கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காத பிள்ளைகள் உண்டு. அவர்கள் வெயிலில் சைக்கிள் மிதிக்கும்போது தலைசுற்றல் வரும். சிறுநீர்த் தொற்றும் வரும்.

புதுயுகம் திட்டத்தின்படி இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு 6 நாப்கின். மாதத்துக்கு 9 என்று ஆகிறது. ஐந்து நாள், நாளைக்கு நான்கு என்றால் 20 வேண்டும். அந்தப் பற்றாக்குறையால்தான் ஒரே நாப்கினை நாள் முழுக்க வைத்திருக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இந்தக் கணக்கை அப்படியே எடுத்து வையுங்கள். அவசரத்துக்கு நாலு பாக்கெட் பள்ளியில் எப்போதும் இருக்க வேண்டும். அது தலைமை ஆசிரியர் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கக் கூடாது. பிள்ளை யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும் இடத்தில் இருக்க வேண்டும்.

நான்கு, சின்னப் பிள்ளைகள். 10 வயதிலேயே பூப்படையும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பில் சைக்கிளில் வருகிறவளுக்கு முதல் உதிரம் வழியிலேயே வரலாம். முன்கூட்டியே யாரும் சொல்லியிருக்காவிட்டால், சீட் குத்திக் காயம் பட்டுவிட்டது என்றே அவள் நினைப்பாள். பயந்துபோய் யாரிடமும் சொல்லமாட்டாள். அதனால் நான்காம், ஐந்தாம் வகுப்பிலேயே எளிய சொற்களில் சொல்லிவிட வேண்டும். முதல் ஓரிரு ஆண்டுகள் நாள் தள்ளியும் முந்தியும் வரும் என்பதால், தேதி பார்த்துத் தயாராக முடியாது. புத்தகப் பையின் ஒரு ஓரத்தில் சின்னத் துணிப்பை எப்போதும் இருக்கட்டும்: இரண்டு நாப்கின், ஒரு உள்ளாடை, சுற்றிப் போடப் பழைய செய்தித்தாள், சிறு சோப்புத் துண்டு. ஒரே ஊர்ப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வரட்டும். கறை பட்டுவிட்டால் துப்பட்டாவை இடுப்பில் கட்டிவிட ஒருத்தி பக்கத்தில் இருப்பாள். நுனியை இறுக்கிச் சொருகச் சொல்லுங்கள். தொங்கினால் சக்கரத்தில் மாட்டும்.

ஐந்து, நம் பையன்கள். அந்த அப்பத்தா பயந்த "நாலு பய" நம் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்களை மட்டும் தனியறைக்கு அழைத்துப் பேசி, பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டால் கேலி எப்படி நிற்கும்? அறிவியல் ஆசிரியர் இனப்பெருக்க மண்டலப் பாடத்தை "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தள்ளிவிடாமல் இருவருக்கும் சேர்த்து நடத்தினாலே பாதி வேலை முடிந்தது. கறை பார்த்தால் சிரிக்காமல் விலகிப் போவதும், அவள் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திக் கொடுப்பதும் அவர்களால் முடியாத காரியம் அல்ல.

மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய நேரமும் நமக்குத் தெரிய வேண்டும். உதிரம் ஏழு நாளைத் தாண்டினாலோ, மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, பள்ளிக்கே வரமுடியாத வலி மாதாமாதம் இருந்தாலோ, 15 வயது முடிந்தும் பூப்படையாவிட்டாலோ பெற்றோரிடம் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். சைக்கிள் மிதிக்கும்போது சீக்கிரம் மூச்சு வாங்குகிறாள், முகம் வெளுத்திருக்கிறாள் என்றால் இரத்தச்சோகையாக இருக்கலாம். வாரந்தோறும் பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவள் நம் கண்முன் விழுங்குகிறாளா, ஜன்னல் வழியே போடுகிறாளா என்று பாருங்கள்.

அந்த மாணவியைப் பற்றிக் கேட்பீர்கள். டைட்ஸ் வாங்கிக் கொடுத்தது அப்பத்தாதான். முதல் மாதம் ஒருநாள் மட்டும் வரவில்லை. வயிற்று வலி என்று உண்மையான காரணத்தையே விடுப்புக் கடிதத்தில் எழுதியிருந்தாள். அதற்கடுத்த மாதங்களில் அவள் பெயருக்கு நேரே விடுப்பு மிகக் குறைவு.

திங்கள்கிழமை பள்ளிக்குப் போனதும் மூன்று காரியம் செய்யுங்கள். மாணவியர் கழிப்பறையின் தாழ்ப்பாளை நீங்களே போட்டுப் பாருங்கள். சைக்கிள் நிறுத்தத்துக்குப் போய்ச் சீட்டுகளைப் பாருங்கள். வருகைப் பதிவேட்டை எடுத்து, மாதாமாதம் அதே இரண்டு மூன்று நாள் வராத பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். குறித்த பிறகு அவர்களிடம் காரணம் கேட்கும்போது வகுப்பின் முன்னால் கேட்காதீர்கள்.