தொலைவிலுள்ளார் வாக்குரிமை
(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஊரில் இல்லாதார் ஊர்த் தேர்தலில் வாக்களிக்குமாறு எங்ஙனம் என்பதே இன்று நாம் பேசப் புகுந்த பொருளாம். மகனையோ மருகனையோ எல்லைக் காவலுக்கேனும் அரபு நாட்டு வேலைக்கேனும் அனுப்பியிராத குடும்பம் இவ்வவையிற் சிலவே. இருவகையாரும் தொலைவிலுள்ளாரே, எனினும் சட்டம் இருவரையும் ஒரு கண்ணால் நோக்கவில்லை.

படைவீரனை முதலிற் காண்போம். அவன் எங்கே பணிசெய்யினும், படையிற் சேராதிருந்தால் எவ்வூரில் வாழ்ந்திருப்பானோ அவ்வூரினனாகவே 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அவனைக் கருதுகின்றது. உடன் வாழும் மனைவிக்கும் அவ்வுரிமை உண்டு. 'மனைவி' என்னுஞ் சொல்லே சட்டத்தில் இருந்தமையால், படையிற் பணிபுரியும் பெண்ணின் கணவனுக்கு அது கிட்டாதிருந்தது. 2021-இல் வந்த திருத்தம் அச்சொல்லை 'வாழ்க்கைத்துணை' என மாற்றிற்று. சொல்லொன்று மாறின் பொருள் எத்துணை மாறும் என்பதற்கு, மாணாக்கர்க்கு நாம் காட்டும் இலக்கண உதாரணங்களினும் இது நன்று.

ஆயினும், பட்டியலிற் பெயர் ஏறிய அளவில் வாக்குப் போய்ச் சேர்ந்துவிடாது. அபேட்சகர்கள் விலகுதற்குரிய நாள் கழிந்த பின்னரே வாக்குச்சீட்டு உருப்பெறும். அந்நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே சட்டம் வேண்டுங் குறைந்த கால எல்லை 14 நாட்களே. சீட்டு தபாலிற் பனிமலையேறி, வீரன் கைப்பட்டு, மீண்டு, எண்ணிக்கை தொடங்குமுன் தேர்தல் அதிகாரியிடம் சேர்தல் வேண்டும். பிந்தி வந்தது எண்ணப்படாது. இக்குறை கண்டே 2016-இல் விதிகள் திருத்தப்பட்டன. அவ்வாண்டு புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலிற் புதுமுறை கையாளப்பட்டது. இப்போது வெற்றுச் சீட்டு மின்வழியே படைப்பிரிவுக்குச் செல்லும். வீரன் அதனை அச்சிட்டு, குறியிட்டு, உறுதிமொழியுடன் தபாலில் அனுப்புவான். தபாற் செலவு அவனுக்கில்லை. போகும் வழி மட்டுமே விரைந்தது, மீளும் வழி பழையதே. எனினும் 2019 மக்களவைத் தேர்தலிற் பதிவுற்ற ஏறத்தாழ 18 லட்சம் பணி வாக்காளரில் 10 லட்சத்துக்கு மேற்பட்டோரின் சீட்டுகள் வந்து சேர்ந்தன. அமெரிக்கர் 2009-இல் இயற்றிய சட்டமோ, உரிய காலத்தில் வேண்டியோர்க்குத் தேர்தலுக்கு 45 நாள் முன்னரே சீட்டை அனுப்புக என்கின்றது. நம் காலவெல்லை மிகக் குறுகியது என்பது ஒப்பிட்டாற் புலனாகும்.

கடல் கடந்தார் நிலை வேறு. பிறநாட்டுக் குடியுரிமை பெறாதார் தம் ஊர்ப் பட்டியலிற் பெயர் சேர்க்கலாம் என்று 2010-இற் சட்டம் திருந்திற்று. ஆனால் அவர் பாஸ்போர்ட்டுடன் நேரில் வந்தே வாக்களித்தல் வேண்டும். 2024-இற் பதிவு செய்தோர் ஏறத்தாழ 1,19,000 பேர். வந்து வாக்களித்தோர் 3,000 பேர்க்கும் குறைவு. அவருள்ளும் மிகப் பலர் கேரள நாட்டினர். விமானக் கட்டணமும் கொடுத்துக் கூலியும் இழந்து வருவார் யாவர்? உரிமையை முன்னிலையில் வழங்கி, மனிதரைப் படர்க்கையில் நிறுத்திய சட்டம் இது.

இவர்கள் பதிலாள் வழியே வாக்களிக்கலாம் என ஒரு மசோதாவை மக்களவை 2018-இல் நிறைவேற்றிற்று. மறு ஆண்டு சபை கலைந்தமையின் அது காலாவதியாயிற்று. படைவீரர்க்குப் பதிலாள் முறை 2003 முதல் உண்டு. பதிலாளுக்கு இடக்கை நடுவிரலில் மையிடுவர். இதனைக் கடல் கடந்தார்க்கும் விரித்தல் நமக்கு உடன்பாடன்று. காரணத்தை ஒளியாது கூறுவோம். பதிலாளாவார் யார்? வீட்டுப் பெரியவர், அவர்க்குப் பின்னே நம்போன்ற சங்கத்தார். நூறு இளைஞர் வாக்கு நான்கு பெரியோர் கையிற் சேருமாயின், அபேட்சகர் அந்நால்வரையே தேடி வருவர். அவ்வரவு சிலர்க்கு இனிக்கலாம். ஆனால் வாக்கு அவ்விளைஞனது. அவன் கருத்து நம் கருத்தாகவே இருத்தல் வேண்டுமென்னும் நியதியில்லை. மின்வழிச் சீட்டினை அவர்க்கும் அளிக்கலாம் எனத் தேர்தல் ஆணையம் 2020-இற் கூறியது, அதுவே தக்கது. முதலாளியின் கண்முன் குறியிட நேரிடுமே என்னும் ஐயம் புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயினும் அவ்வச்சத்தை விதிகளால் தணிக்க இயலும். பதிலாளிடம் போன இரகசியமோ மீளாது.

தாய்மார்க்கு ஒன்று. படையிலுள்ள மகன் பெயரைப் பாசத்தால் ஊர்ப் பொதுப் பட்டியலிலும் வைத்திருத்தல் சட்டத்துக்கு ஒவ்வாது. அவன் தன் படைப்பிரிவின் வாயிலாக 2-ஆம் படிவம் தருதல் வேண்டும். வெளிநாட்டிலுள்ளார்க்கு உரியது 6ஏ படிவம். அப்படிவங்களை நிரப்பத் துணைவேண்டுவோர், மகனுடைய கடிதமுகவரியுடன் ஞாயிறு மாலை சங்கத்து வாசகசாலைக்கு வருக, நாம் அங்கிருப்போம்.