மூச்சு நின்ற நாலு நிமிஷம்

(வட்டக்கோட்டையில் நடந்த குழுத் தலைவிகள் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



கடன், தவணை எல்லாம் மதியத்துக்கு மேல் பேசிக்கலாம். கோட்டைக்கு அந்தப் பக்கம் கடல், அதான் முதலில் இதைச் சொல்றோம்.

2024 மே 6 அன்று நம்ம கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த ஐந்து மாணவ மாணவியரை அலை கொண்டுபோனது நினைவிருக்கும். கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாட்கள் அவை. எங்கோ தூரத்தில் பிறந்த அலை, இங்கே காற்றோ மழையோ இல்லாமலே ஏறி வரும்.

தண்ணீரிலிருந்து தூக்கிய பிள்ளையை நம் ஊர்களில் என்ன செய்கிறோம்? தலைகீழாகப் பிடித்துச் சுற்றுகிறோம், வயிற்றை அமுக்குகிறோம். பாசத்தில் செய்வதுதான். ஆனால் அந்த நேரத்தில் மூளைக்குள்ளே நடப்பது வேறு.

உடல் எடையில் மூளை நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் நாம் இழுக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 பங்கு அதற்கே போகிறது. நம்மளப் போல சேமிப்புக் கணக்கும் அதற்குக் கிடையாது!

மூளைச் செல்கள் ஒன்றுக்கொன்று ரசாயனம் மூலமாகத்தான் சேதி சொல்கின்றன. அதில் முக்கியமானது குளுட்டமேட். ஒரு செல் கொஞ்சம் விடும், அடுத்தது சேதியை வாங்கும், மிச்சத்தை உடனே உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். உறிஞ்சுவதற்குச் சக்தி வேண்டும், சக்திக்கு ஆக்சிஜன் வேண்டும். தாழ்ந்த வயலில் மோட்டார் போட்டுத் தண்ணி இறைக்கும்போது கரண்ட் போச்சுன்னா என்ன ஆகும்? மடையையும் அடைக்க முடியலேன்னா பயிர் மூழ்கிப் போகும். அதே கதைதான். குளுட்டமேட் தேங்கி, ஓயாமல் சேதி அடித்து, கால்சியம் உள்ளே பாய்ந்து, செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. அளவு மீறின தூண்டலே நஞ்சாகுது என்ற பொருளில் அமெரிக்க மருத்துவர் ஜான் ஆல்னி 1969-லேயே இதற்குப் பெயர் வைத்தார்.

சுமார் நாலு நிமிஷத்தில் இந்தச் சேதம் தொடங்கிவிடும். ஞாபகத்தைக் காக்கும் பகுதி சீக்கிரமே அடிபடும். பிழைத்து வந்த பிள்ளை பாடத்தை மறக்கிறான் என்றால் சோம்பேறி என்று திட்டாதீங்க அக்கா, டாக்டரிடம் காட்டுங்க. மூச்சு திரும்பின பிறகும் மணிக்கணக்கில் சேதம் தொடரலாம். எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் வேணும்.

சுற்றினால் நிமிஷம்தான் போகும். வயிற்றை அமுக்கினால் வாந்தி மூச்சுக்குழலில் போகும். மல்லாக்கப் படுக்க வையுங்க. ஒருத்தர் 108-க்குப் போன் போடட்டும். மூச்சு இல்லையென்றால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து நெஞ்சு உயரும்படி இரண்டு தடவை ஊதுங்க. பிறகு நெஞ்சின் நடுவில் 30 அமுக்கு. மறுபடி இரண்டு ஊதல். ஆம்புலன்ஸ் வரும்வரை விடாதீங்க. நீச்சல் தெரியாமல் நீங்களும் குதிக்காதீங்க. கயிறோ, மூடின காலி கேனோ எறியுங்க.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு பழைய தலையணை கொண்டு வரணும். அமுக்கிப் பழகிப் பார்ப்போம்.