படிக்கட்டில் நடந்த வகுப்பு

(நம் சங்கத்தின் 2022 ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)

வரவு செலவு வாசித்த கையோடு ஐந்து நிமிடம் கேட்டேன், தலைவர் தந்திருக்கிறார். பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்தும் பேச்சு இல்லை, பயப்படாதீர்கள்.

2020 மார்ச்சில் கல்லூரிகளை மூடினார்கள். பாடம் செல்போனுக்கு வந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு ஜூமிலும் கூகுள் மீட்டிலும் உட்கார்ந்தார்கள். வகுப்பு முடியும்வரை நாம் மிக்ஸியைப் போடாமல் இருந்தோம். நம்மில் பலருக்குத் தெரிந்த கஷ்டம் அவ்வளவுதான்.

வங்கியில் கிளார்க்காக இருந்தபோது சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுக்கு நான் தபாலில் வந்த பாடங்களை வைத்துத்தான் படித்தேன். அதுவும் தொலைதூரக் கல்விதான். ஆனால் தபால் பாடம் எனக்காகக் காத்திருக்கும். கணக்கு டேலி ஆகாமல் இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பினாலும் மேசைமேல் அப்படியே இருக்கும். செல்போனில் காலை பத்து மணிக்கு நடக்கும் வகுப்பு காத்திருக்காது. சிக்னல் போனால் பாடமும் போச்சு, வருகைப் பதிவும் போச்சு.

2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, நாட்டில் இணைய வசதி இருந்த வீடுகள் நகரத்தில் 42 சதவீதம், கிராமத்தில் 15 சதவீதம். இந்த நிலையில்தான் பாடம் முழுக்க இணையத்துக்குப் போனது. நம் மாநில அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு தினம் 2 ஜிபி டேட்டா இலவசமாக அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் டேட்டா மட்டும் போதுமா? உட்கார ஓர் இடம் வேண்டாமா?

இனி சொல்வதை அந்தப் பெண்ணின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். 2020 கடைசியில் நம் வாட்ச்மேன் மகள் பி.காம். முதலாண்டு சேர்ந்தாள். மோட்டார் ரூமை ஒட்டிய அவர்கள் அறையில் சிக்னல் கிடைக்காது. பி பிளாக் இரண்டாவது மாடிப் படிக்கட்டில் நன்றாகக் கிடைக்கும். அங்கேதான் அவள் கல்லூரி நடந்தது. தொற்றுக் காலத்தில் படிக்கட்டில் ஆள் உட்காரலாமா என்று இரண்டு வீட்டிலிருந்து புகார் வந்தது. அப்போதும் நான்தான் பொருளாளர். "பொது வழியில் யாரும் உட்காரக் கூடாது" என்று நோட்டீஸ் எழுதி, கையெழுத்துப் போட்டு ஒட்டினேன். அவள் எங்கே போனாள் என்று நான் விசாரிக்கவில்லை.

மொட்டை மாடிக்குப் போயிருக்கிறாள். மழை வந்தால் தண்ணீர்த் தொட்டியின் கீழே. பலத்த மழை என்றால் அன்றைக்கு வகுப்பு இல்லை.

சில வாரம் கழித்து அவள் அப்பா தயங்கித் தயங்கி வந்தார். "சார், நீங்க பேங்க்ல இருந்தவங்க. பாப்பாவுக்கு ஒரு டவுட்டாம்."

வங்கிச் சரிகட்டும் பட்டியல். "கேஷ் புக்ல ஒரு இருப்பு, பாஸ் புக்ல வேற இருப்பு. இதுல எது சார் தப்பு?" என்று கேட்டாள்.

"ரெண்டும் தப்பில்லைம்மா. ஒரு புக்ல எழுதினது இன்னொரு புக்குக்கு இன்னும் வந்து சேரலை" என்றேன்.

சொல்லிவிட்டு எனக்கே உறைத்தது. கல்லூரிப் பதிவேட்டில் வகுப்பு நடந்திருக்கிறது. இவளுக்கு வந்து சேரவில்லை. நடுவில் நின்றது என் நோட்டீஸ்.

அன்று முதல் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டோம். இப்போது அவள் மூன்றாமாண்டு. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்கள் முன்னால் சொல்வதுதான் பாக்கி இருந்தது.

கல்லூரி திறந்துவிட்டதே, இனி எதற்கு என்று கேட்கலாம். ஒரு பருவப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் இணையதளத்தில் படிக்க 2021-இல் யுஜிசி அனுமதித்திருக்கிறது. இணையப் படிப்பு இனி போகாது.

ஆகவே ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். சங்க அலுவலக அறை சாயங்காலம் பூட்டியே கிடக்கிறது. சிசிடிவிக்காக நாம் மாதாமாதம் பணம் கட்டும் இணைப்பு அங்கேயே இருக்கிறது. அந்த அறையை மாலை 5 மணி முதல் 9 மணி வரை படிக்கத் திறந்துவிடுவோம். நம் பிள்ளைகளுக்கும், இங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கும். கூடுதல் செலவு மின்விசிறியும் விளக்கும்தான். சாவிப் பொறுப்பு என்னுடையது. பரணில் பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் தந்தால் நல்லது.

சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள்.