கிளிஞ்சல் கற்றுத் தந்த பாடம்

(ஆலய இளையர் பண்பாட்டு முகாமின் நிறைவு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'இயற்கையும் இறைவனும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மிகப் பெரிய தலைப்பு. நான் பண்டிதன் அல்லன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு சின்னப் பொருளை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். இதோ, என் கையிலிருக்கும் இந்தச் சிப்பி. ஒன்பது வயதில் காத்தோங் கடற்கரையில் நான் பொறுக்கியது. முன்வரிசைப் பிள்ளைகளிடம் கொடுக்கிறேன். கைமாறிக் கைமாறிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

அது 1965ஆம் ஆண்டு. அந்தக் காலத்தில் சிலோன் ரோடு ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயத்திலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். இன்று அங்கே நின்று கடலைத் தேடினால் காண முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து நாங்கள் மூன்று பேர் கிளம்புவோம். நான் ஒருவன். மளிகைக் கடைக்காரர் மகனான சீனப் பையன் ஒருவன். கடலோரக் கம்பத்தில் இருந்த மலாய்ப் பையன் ஒருவன். அவன் எங்களைவிட இரண்டு வயது மூத்தவன். கடல் சங்கதி எல்லாம் தெரிந்தவன். மூவருக்கும் பொதுவான மொழி கடைத்தெரு மலாய்தான்.

எங்களிடம் ஒரு பழைய மைலோ டின் இருந்தது. யார் எதை எடுத்தாலும் அதில்தான் போட வேண்டும். வெயில் ஏறியதும் மர நிழலில் உட்கார்ந்து மூன்று பங்காகப் பிரிப்போம். சட்டைப் பொத்தான் அளவில் வழவழவென்றிருக்கும் சிறு நத்தை ஓடுகள் நிறையக் கிடைக்கும். ஒன்றைப் போல் இன்னொன்று கோலமிட்டிருக்காது. விசிறி போன்ற மட்டிகளும் கிடைக்கும். எப்போதாவது ஒரு சோழி கிடைத்துவிட்டால் அன்றைக்குத் திருவிழாதான். சோழி எனக்கு வரும். அம்மாவுக்குத் தாயம் விளையாட ஆகும் என்று மற்ற இருவரும் விட்டுக்கொடுப்பார்கள்.

இப்போது அந்தச் சிப்பியைப் பாருங்கள். அதில் வட்டமாக ஒரு துளை இருக்கிறதல்லவா? தட்டான் துளைபோட்டது போல எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! நூல் கோத்து மாலை போடுவதற்காகவே கடவுள் துளையிட்டுக் கொடுத்திருக்கிறார் என்று நாங்கள் நம்பினோம். பல ஆண்டுகளுக்குப் பின்புதான் உண்மை தெரிந்தது. மணலுக்குள் வாழும் ஒருவகைக் கடல் நத்தை, மட்டியைப் பிடித்து, அமிலத்தைச் சுரந்து ஓட்டை இளக்கி, அரம் போன்ற நாக்கினால் துளைத்து, உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். அந்தத் துளை ஒரு மட்டி உயிர்விட்ட இடம். அழகாகத் தெரிந்தது எனக்கு. அதற்கோ அது முடிவு. கடற்கரையில் நாம் பொறுக்கும் ஒவ்வொரு ஓடும் ஓர் உயிர் தன் உடம்பிலிருந்தே சுண்ணாம்பைச் சுரந்து, சிறிது சிறிதாகக் கட்டிய வீடு என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் சொல்லப் போவது, இதுவரை யாரிடமும் முழுமையாகச் சொல்லாதது.

ஒருநாள் தண்ணீர் வெகுதூரம் வற்றியிருந்தது. கடற்புல் ஓரத்தில் என் உள்ளங்கை நிறைய ஒரு பெரிய சங்கு கிடந்தது. பழுப்பு மஞ்சள் நிறம். மேலே கறுப்பில் வளைவளைவாகக் கோடுகள். தூக்கினேன். கனத்தது. மலாய் நண்பன் எட்டிப் பார்த்துவிட்டு, "மாசி ஹிடுப்" என்றான். இன்னும் உயிரோடிருக்கிறது என்று பொருள். கீழே வைத்துவிடச் சொன்னான். நானும் வைத்தேன். அவர்கள் இருவரும் முன்னே நடந்ததும் திரும்பிப் போய் எடுத்து, சட்டைக்குள் மறைத்துக்கொண்டேன். டின்னில் போடவில்லை. பங்கு பிரிக்கும்போது எதுவும் தெரியாதவன் போல் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். மூன்றாம் நாள் வீடே நாறியது. எலி செத்துக் கிடக்கிறதென்று அம்மா தேடி, சங்கைக் கண்டுபிடித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "ஏன்டா, ஆளு குடியிருக்கிற வீட்டையா தூக்கிட்டு வந்தே?" என்று மட்டும் கேட்டார். "எடுத்த இடத்துலயே கொண்டுபோய் வச்சுட்டு வா" என்றார். மறுநாள் பள்ளிக்குப் போகும் முன் ஓடினேன். அப்போது கடல் ஏறியிருந்தது. எடுத்த இடம் எதுவென்றே தெரியவில்லை. தண்ணீரில் வீசிவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு மலாய் நண்பன் என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்குரிய பங்கையும் அவன் குறைக்கவில்லை. அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது.

மன்னிப்புக் கேட்க எனக்குக் காலம் கிடைக்கவில்லை. கிழக்குக் கரையோர நில மீட்பு 1966ல் தொடங்கியது. சிக்லாப், பிடோக் மேடுகளை வெட்டி எடுத்த மண், நீண்ட ஓடும் பட்டையில் கடலை நோக்கி வந்துகொண்டே இருந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் சுமார் 1,525 ஹெக்டர் நிலம் உருவாயிற்று. மரின் பரேட் குடியிருப்பும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவும் அப்படி வந்தவையே. நாடு சிறியது, மக்களுக்கு வீடு வேண்டும். அந்த வளர்ச்சியின் பலனை நானும் அனுபவிக்கிறேன், குறை கூறவில்லை. ஆனால் எங்கள் கரை மண்ணுக்கு அடியில் போய்விட்டது. கம்பத்துக் குடும்பங்கள் வீவக அடுக்குமாடிகளுக்குப் பிரிந்து போயின. அந்த நண்பனை நான் பிறகு பார்க்கவேயில்லை.

ஆசிரியரான பின்தான் நான் எடுத்த சங்கைப் பற்றிப் படித்தேன். அந்த இனத்தின் குஞ்சுகள் கடலில் மிதந்து வேறு கரைகளுக்குப் போவதில்லை. முட்டையிலிருந்து வெளிவந்ததும் அங்கேயே ஊர்ந்து வளர்பவை. ஒரு கரையில் எடுத்துத் தீர்த்துவிட்டால் இன்னொரு கரையிலிருந்து எளிதில் வந்து நிரப்பாது. 'ஒன்றுதானே' என்று நான் நினைத்தேன். ஒவ்வொருவரும் அப்படித்தான் நினைக்கிறோம்.

பிள்ளைகளே, நாம் வேண்டாமென்று நினைக்கும் வெற்று ஓட்டுக்கும் ஆள் உண்டு. துறவி நண்டு என்று ஒன்று இருக்கிறது. அதன் பின்னுடல் மென்மையானது. சொந்தமாக ஓடு கிடையாது. இறந்த நத்தையின் ஓட்டில் குடிபுகுந்து, வளர வளரப் பெரிய ஓட்டுக்கு மாறும். சில வேளைகளில் பெரியது முதல் சிறியது வரை வரிசையாக நிற்கும். பெரியது புது வீட்டுக்குப் போனதும் அது விட்ட வீட்டில் அடுத்தது, அது விட்டதில் அதற்கடுத்தது. பெயர்தான் துறவி, வீட்டுக்காக வீவக வரிசையில் நின்ற நம்மைப் போலத்தான்! கரையில் ஓடு கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் மூடிக்குள்கூடப் புகுந்துகொள்கிறது.

நம் வழிபாட்டில் சங்குக்கு எத்துணை உயர்ந்த இடம்! திருமாலின் திருக்கரத்தில் இருக்கிறது. கார்த்திகைச் சோமவாரத்தில் 108, 1008 என்று வைத்துச் சங்காபிஷேகம் செய்கிறோம். அந்தச் சங்கும் மன்னார் வளைகுடாவில் ஓர் உயிர் பல்லாண்டு கட்டிய வீடுதான். ஆகவே ஆலயத்தில் இருக்கும் பழைய சங்குகளைப் பேணிப் பாதுகாத்துத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்துவதும் ஒரு வழிபாடே என்பது என் தாழ்மையான கருத்து. உபயதாரர்கள் இதனைச் சிந்திக்க வேண்டுகிறேன்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. புலாவ் உபினின் செக் ஜாவா கரையும் மண்ணுக்கு அடியில் போகவிருந்தது. இயற்கை ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் அங்குள்ள உயிரினங்களைக் கணக்கெடுத்து எடுத்துரைத்தார்கள். நில மீட்பு ஒத்திவைக்கப்படுவதாக 2001 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. இன்று அங்கே போய்க் கண்ணாரப் பார்க்கலாம். எதையும் எடுத்து வரக்கூடாது.

2021ல், கோவிட் காலத்தில், வெளிநாடு போக முடியாத குடும்பங்கள் சாங்கி கடற்கரையில் குவிந்தன. நானும் பேரனோடு போயிருந்தேன். பலர் கையில் வாளி. வாளி நிறைய உயிருள்ள நண்டும் சங்கும். என் பேரனும் ஒரு சங்கைக் கொண்டுவந்து, "தாத்தா, இது காலியா, ஆள் இருக்கா?" என்று கேட்டான். நான் திடுக்கிட்டேன். அம்மா கேட்டது போலவே இருந்தது. "தண்ணீரில் வைத்துவிட்டு 108 எண்ணு" என்றேன். அறுபதுக்குள் சின்னச் சின்னக் கால்கள் வெளியே வந்தன. துறவி நண்டு! அது போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். அன்று வெறுங்கையோடுதான் திரும்பினோம். ஆனால் அவன் அதை இன்றும் மறக்கவில்லை.

நண்பர்களோடு கடற்கரைக்குப் போங்கள். வெவ்வேறு இன நண்பர்களோடு போங்கள். எதையும் எடுக்கும் முன், ஆள் குடியிருக்கிறதா என்று பாருங்கள். எடுக்கக்கூடிய இடத்தில் எடுத்தாலும் ஒன்றோடு நிறுத்துங்கள். கிடைத்ததைப் பொது டின்னில் போட்டுப் பங்கிடுங்கள். தவறு செய்துவிட்டால், நண்பன் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். நான் சொல்லத் தவறியதை அறுபது ஆண்டு கழித்து இந்தச் சந்நிதியில் சொல்லியிருக்கிறேன்.

என் சிப்பி சபை முழுவதும் சுற்றி வந்துவிட்டது போலிருக்கிறது. எல்லா உயிரும் இன்புற்றிருக்க எல்லாம் வல்ல இறைவனை வேண்டி விடைபெறுகிறேன்.